பாட்டெழுதிய முன்சீப்
மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை



அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்களிலே, பாட்டில்லாத வேலை என்று ஒன்று முன்னாளில் இருந்ததில்லை. அருவி வெட்ட ஒரு பாட்டு, சூடு மிதிக்க ஒரு பாட்டு, பிள்ளையை உறங்க வைக்க ஒரு பாட்டு, செத்த வீட்டிலே ஒப்பாரி. கோயிலிலோ, தவக்காலத்து வியாகுலப் பிரசங்கம் தொடங்கி, நத்தார் இரவில் பாலனை வாழ்த்தும் பாட்டு வரை எத்தனை எத்தனையோ. இவற்றையெல்லாம் மனப்பாடமாய்ப் பாடுகிற உங்களிடம், எழுதியவர் யார் என்று ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பெரும்பாலான பாட்டுகளுக்கு விடை இராது. பாட்டெழுதுகிறவனுக்குக் கிடைக்கும் கூலி விசித்திரமானது. பாட்டு எத்தனை நன்றாய் அமைகிறதோ, அத்தனை சீக்கிரத்தில் அது ஊராருடைய சொத்தாகிவிடுகிறது. எழுதினவன் பெயர் உதிர்ந்துபோகிறது.

இன்று எங்கள் பங்குகளிலே பாட்டெழுத விரும்பும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வாசலைத் திறந்துவிட்ட பின், தமிழ்ப் பாட்டின் தேவை பலமடங்காகிவிட்டது. அந்த இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஒரு கத்தோலிக்கரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். நீதிமன்றத்திலே உத்தியோகம் பார்த்தவர், குடும்பஸ்தர். தமிழிலே முதல் நாவலை எழுதியவர் என்று பாடசாலைப் புத்தகத்தில் அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். ஆனால் அவர் பாட்டெழுதியவர் என்பதும், அந்தப் பாட்டுக்கு அவர் தம் கையாலே கொடுத்த விலை என்ன என்பதும் பலருக்குத் தெரியாது. அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

ஒரு சிறு தெளிவு இங்கே அவசியம். வேதநாயகம் என்ற பெயரில் இரு புலவர்கள் உண்டு. தஞ்சாவூரில் வாழ்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடி, 1864இல் இறந்த வேதநாயக சாஸ்திரியார் புரொட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். நாம் பேசப்போகிறவர் அவரிலும் அரை நூற்றாண்டு இளையவர்.

குளத்தூர்ப் பிள்ளை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே, 1826ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வேதநாயகம். வேளாண்மைக் குடும்பம். கத்தோலிக்க விசுவாசத்திலே ஊறிய குடும்பம். வீரமாமுனிவர் தமிழ்ப் பாட்டாலும் உரைநடையாலும் உழுதுவிட்டுப்போன சோழநாட்டு மண் அது. முனிவர் 1747இல் மறைந்து எண்பது ஆண்டுகள்கூட ஆகாத நேரத்தில் பிறந்தவர் இவர்.

திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். அதே நீதிமன்றத்திலே பதிவேடுகளைக் காக்கும் வேலையில் சேர்ந்து, பின்பு மொழிபெயர்ப்பாளரானார். பாட்டெழுதும் ஒருவருக்கு இந்த வேலை எவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏழை விவசாயி தன் காணியைப் பற்றித் தமிழிலே சொல்கிறான்; அதை ஆங்கிலத் துரைக்கு விளங்க வைக்க வேண்டும். துரை சொல்லும் தீர்ப்பை மறுபடி விவசாயிக்கு விளங்க வைக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் ஒருவனுடைய காணி போய்விடும். சொல்லை அளந்து வைக்கும் பழக்கம் அவருக்கு இங்கேதான் படிந்திருக்க வேண்டும்.

1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். முன்சீப் என்பவர் சிவில் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவர் அவர். பின்பு சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அந்த மாயூரமே அவருக்கு நிலைத்த ஊராகி, அவர் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. உத்தியோகத்தை விட்ட பின் அந்த நகரசபையின் தலைவராகவும் பணி செய்தார்.

1859இல் அவருடைய நீதி நூல் வெளிவந்தது. பழைய நீதி நூல்களைப்போல அறத்தைப் பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், கைக்கூலி வாங்குகிற உத்தியோகத்தரைக் கண்டிக்கும் பாடல்களையும் அதிலே வைத்தார். தாம் இருக்கிற இடத்தையே கண்டிக்கும் துணிவு அவருக்கு இருந்தது. 1862இல், மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து, சித்தாந்த சங்கிரகம் என்ற நூலை வெளியிட்டார். தமிழ் பேசும் மக்களுடைய வழக்கு தமிழிலேயே நடக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இதற்காக வாதாடினார். நீதிமன்றத்திலே பிறமொழி கேட்டு விழிக்கிற குடியானவனுக்காகப் பரிந்த அதே மனம், சங்கீத சபையிலே பிறமொழி கேட்டு விழிக்கிறவனுக்காகவும் பரிந்தது. அவருடைய கீர்த்தனைகளை நாம் இந்த வழியாகத்தான் அணுக வேண்டும்.

ஒரே ஊரில் இரு நண்பர்

அந்தக் காலத்து மாயூரத்தைச் சுற்றிப் பெரியவர்கள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களுள் இருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இலக்கணத்திலும் செய்யுளிலும் அவருக்கு நிகர் அக்காலத்தில் இல்லை. மற்றவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியவர். இருவரும் சைவர்கள். கத்தோலிக்கரான முன்சீப்புக்கு இருவரும் நண்பர்கள். மகாவித்துவான் குளத்தூர்க் கோவை என்ற நூலை வேதநாயகம் பிள்ளையையே பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடினார் என்றால், அந்த நட்பின் ஆழத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த இருவருடைய வழிகளும் வேறு வேறானவை. மகாவித்துவானுக்குச் செய்யுளில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பொறுக்காது. பாரதியாருக்கோ பாட்டின் பாவம் முக்கியம். இலக்கணம் சற்று விலகினாலும் அவர் கவலைப்படமாட்டார். நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பாரதியார் பலமுறை நடந்தும், மகாவித்துவான் இலக்கணப் பிழையை எண்ணி நாளைக் கடத்திக்கொண்டே வந்தார் என்றும், ஒரு நாள் பாரதியார் திண்ணையிலே அமர்ந்து தம்மை மறந்து பாடியதை உள்ளே இருந்து கேட்டு மனம் உருகி உடனே பாயிரம் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். 1871இல் மகாவித்துவானிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், சில நாள் பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். ஆசிரியருக்கு அது தெரியவந்தபோது, சங்கீதப் பழக்கம் இலக்கியப் படிப்பைக் கெடுக்கும் என்று அவர் கருதியதால், ஐயர் அதை நிறுத்திவிட்டார்.

வாசகர்களே, பாட்டெழுதுவதில் உள்ள முதற்கஷ்டம் இதுவே. சொல் ஒரு பக்கம் இழுக்கும், மெட்டு மறு பக்கம் இழுக்கும். புலவன் பார்த்துத் தலையசைக்க வேண்டும். பாடகனுடைய நாவும் தடுக்காமல் ஓட வேண்டும். இந்த இரண்டு நண்பர்களுக்கும் நடுவே நின்று எழுதினார் வேதநாயகம் பிள்ளை.

சொல்லும் மெட்டும்

கீர்த்தனை என்பது என்ன? முதலில் பல்லவி, பாட்டின் கருத்து முழுவதையும் ஓரிரு அடிகளில் சொல்வது அது. அடுத்து அனுபல்லவி, பல்லவியை விரிப்பது. அதன்பின் சரணங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு பல்லவிக்குத் திரும்பும். ஆகவே பல்லவியின் சொற்கள், எத்தனை முறை திரும்பி வந்தாலும் சலிப்புத் தட்டாதனவாகவும், எந்தச் சரணத்தின் பின் வந்தாலும் பொருந்துவனவாகவும் இருக்க வேண்டும். எழுதத் தொடங்குகிறவர்கள் சரணத்திலே சாமர்த்தியம் காட்டிவிட்டுப் பல்லவியை வெறுமையாக விட்டுவிடுவதுண்டு. அப்படிப்பட்ட பாட்டு இரண்டாம் ஞாயிறு வரைகூட நிற்பதில்லை.

அடுத்தது குறிலும் நெடிலும். தமிழிலே ஓர் எழுத்தின் ஓசையை நீட்டினால் பொருளே மாறிவிடும். உங்களுக்குத் தெரிந்த சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மடு என்ற திருத்தலத்தின் பெயரிலே முதலெழுத்தை மெட்டு நீட்டிவிட்டால் அது மாடு ஆகிவிடும். பாவம் தீர என்று மன்றாடுகிறவன், கடைசி எழுத்திலே ராகத்தை இழுத்தால், பாவம் தீரா என்றாகி மன்றாட்டே தலைகீழாகிவிடும். ஆகவே மெட்டு எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்து, நிற்கும் இடத்தில் நெடிலையும் ஓடும் இடத்தில் குறிலையும் வைக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் சொல் முடிய வேண்டும். இதற்குமேல் எதுகை, மோனை. எதுகைக்காகப் பொருளில்லாத சொல்லைக் கொண்டுவந்து செருகினால், காது ஏமாறினாலும் மனம் ஏமாறாது.

இன்னும் ஒரு சிரமம் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் பெரியது. தனியே இருந்து வாசிக்கும் கவிதையிலே நான் என்று வந்தால் அது கவிஞரைக் குறிக்கும். பாட்டிலே நான் என்று வந்தால், பாடுகிறவர் யாரோ அவரையே குறிக்க வேண்டும். விதவையும் பாடுவாள், சிறுவனும் பாடுவான், கடன்காரனும் பாடுவான். அத்தனை பேருடைய வாயிலும் பொய்யாகாத ஒரு நான் வேண்டும். அதற்காக எழுதுகிறவர் தம்முடைய பெருமையையும் படிப்பையும் சற்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

வேதநாயகம் பிள்ளை வாழ்ந்த காலத்திலே காவிரிக் கரையில் சங்கீதம் செழித்திருந்தது. 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகள் சபைகளை ஆண்டன. அவை தெலுங்கிலே அமைந்தவை. சீர்காழியில் வாழ்ந்த முத்துத்தாண்டவரும், இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரும் தமிழில் பாடி வைத்திருந்தபோதிலும், கச்சேரிகளில் தமிழுக்குக் கிடைத்த இடம் சிறியதே. பொருள் விளங்காமல் ராகத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் சாதாரண மக்களுக்கும் விளங்கும்படி, தமிழிலே எழுதினார் பிள்ளை. 1878இல் வெளிவந்த அந்த நூலின் பெயர் சர்வ சமய சமரசக் கீர்த்தனை.

பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லுகிறது. எந்தச் சமயத்தவரும் தயங்காமல் பாடக்கூடிய விதமாக, படைத்தவரும் காப்பவருமான ஒரே கடவுளை நோக்கி அந்தப் பாட்டுகள் எழுகின்றன. கடவுளைப் பற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை. குடும்ப வாழ்க்கை, மனதுக்கு உபதேசம், உத்தியோகத்தில் வரும் சோதனைகள், நோய் துன்பம் என்று வீட்டிலும் வீதியிலும் காண்கிற காரியங்களெல்லாம் அவருக்குக் கீர்த்தனைப் பொருளாயின. ராகமும் தாளமும் பெரிய விஷயங்களுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை.

கத்தோலிக்கராகிய ஒருவர் இப்படிப் பொதுவாக எழுதியது தம் விசுவாசத்தை மறைத்ததாகாதா என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் மறைக்கவில்லை. தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம், திருவருள் மாலை, சத்திய வேதக் கீர்த்தனை என்று தம் விசுவாசத்தை வெளிப்படையாகப் பாடிய நூல்கள் அவருக்கு உண்டு. ஒரு பந்தியிலே தம் வீட்டாருக்கு உணவிட்டவர், அடுத்த பந்தியிலே ஊராரை எல்லாம் அழைத்தார். அவ்வளவே.

பெண்களையும் அவர் மறக்கவில்லை. பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று வாதாடிப் பெண்மதி மாலையை எழுதினார். பெண் கல்வி என்ற பேச்சே புதிதாக இருந்த காலம் அது.

தாது வருஷம்

இனி நான் சொல்லப்போவது பாட்டைவிடப் பெரியது.

1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலே மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் துன்பம் நீங்கவில்லை. தமிழ் வருடக் கணக்கில் அது தாது. அதனால் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லுவார்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும், அதோடு வந்த நோய்களிலும் இறந்தவர்கள் ஐம்பது இலட்சம் பேருக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. தானியம் அறவே இல்லாமல் போனதால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. விலை ஏறிக்கொண்டே போக, வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லை. இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைத்து மண் சுமந்த ஆண் ஒருவருக்குரிய நாட்கூலி, ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. வயல் வேலை தெரிந்த உங்களுக்கு, நாள் முழுதும் மண்வெட்டி பிடிக்கிற ஒருவனுக்கு அது எந்த மூலைக்கு என்று நான் விளக்கத் தேவையில்லை.

காவிரிப் பாசனம் பெற்ற மாயூரம் பக்கத்துக்கும் பசித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்போது வேதநாயகம் பிள்ளைக்கு வயது ஐம்பது. முன்சீப் உத்தியோகத்திலிருந்து விலகி ஓய்ந்திருந்தவர். அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளை எழுதினார். தம் கையிலிருந்த பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார்.

இந்த இரண்டில் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. தாம் எழுதும் பாட்டிலே பசித்தவன் பேசுகிறான். அதே பசித்தவன் தம் வாசலில் நிற்கிறான். பாட்டிலே அவனுக்காக அழுதுவிட்டு வாசலிலே அவனைத் தள்ளிவிட்டால், அந்தப் பாட்டு என்னவாகும்? இலக்கணம் சரியாக இருக்கும், ராகமும் இனிமையாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். வேதநாயகம் பிள்ளை தம் பாட்டைப் பொய்யாக விடவில்லை.

அவரைப்போல இன்னொருவரும் அந்த நாளில் பசித்தவருக்கு உணவிட்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரே அவர். சைவ மடத்தின் தலைவராகிய தேசிகரின் அந்தக் கொடையைப் புகழ்ந்து கத்தோலிக்கரான பிள்ளை பாடல்கள் எழுதினார். நன்மை எங்கே நடந்தாலும் அதை வாயாரப் புகழ்வதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பிள்ளையின் கொடையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவரை மனிதருள்ளே மலைபோன்றவராக வைத்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபெருமானைப் பாடுவதற்கென்றே தம் நாவை வைத்திருந்த பாரதியார், ஒரு மனிதரை, அதுவும் வேற்றுச் சமயத்தவரை, பாடினார் என்றால் அது சாதாரண காரியமா? அந்தப் பாட்டு இன்றுவரை வழக்கில் இருக்கிறது. பாட்டெழுதிய ஒருவருக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே கிடைத்த கூலி, இன்னொரு பாட்டு.

வன்னிக்கு வந்த வழி

இது எங்கோ சோழநாட்டில் நடந்த கதை, எங்களுக்கென்ன என்று எண்ணாதீர்கள். அதே பஞ்ச காலத்திலேதான் தென்னிந்தியாவிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் கால்நடையாகப் போனார்கள். பசியோடு புறப்பட்டவர்களில் பலர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். தப்பியவர்களுடைய வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர், நூறு ஆண்டுகளுக்குப் பின், 1977இன் கலவரத்தால் மலையகத்தை விட்டு ஓடிவந்து வன்னியிலே குடியேறினார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் காடு வெட்டி வயல் திருத்திய கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. ஆகவே, வேதநாயகம் பிள்ளை யாருடைய பசியைப் பாடினாரோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று உங்களுக்கு அயல் வீட்டுக்காரர். ஒருவேளை நீங்களே அவர்கள்.

2008இல் அக்கராயன் பகுதி மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போக நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலே மடு மாதாவின் திருச்சொரூபமும் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வீடுகளில் இருந்த ஜெபப் புத்தகங்கள், பாட்டுக் கொப்பிகள், படங்கள் எத்தனையோ அழிந்தன. ஆயினும் பாட்டு அழியவில்லை. கொப்பி இல்லாதவருக்கும் பாட்டு வாயில் இருந்தது. பாட்டுக்கு அந்த ஒரு சக்தி உண்டு. அதைச் சுமந்துகொண்டு போகக் கை வேண்டியதில்லை. எளிய சொல்லால், தடுக்காத ஓசையால், எல்லாருக்கும் பொதுவான நெஞ்சால் எழுதப்பட்ட பாட்டே இப்படிக் கூட வரும்.

கடைசி ஆண்டுகள்

பஞ்சம் தீர்ந்தபின்னும் பிள்ளை எழுதுகோலை வைத்துவிடவில்லை. கீர்த்தனை நூல் வந்த மறு ஆண்டே பிரதாப முதலியார் சரித்திரம் வந்தது. 1887இல் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது நாவல் வெளியானது. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி, தமது 62ஆவது வயதில் மாயூரத்திலே இறைவனடி சேர்ந்தார்.

நாவலாசிரியர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. கீர்த்தனைகளோ வேறு வழியில் போயின. கச்சேரி மேடையிலே வித்துவான்கள் அவற்றைப் பாடினார்கள்; பாட்டு வகுப்பிலே பிள்ளைகள் பயின்றார்கள். பாடுகிறவர்களிலும் கேட்கிறவர்களிலும், இதை எழுதியவர் ஒரு கத்தோலிக்க நீதிபதி என்று அறியாதவர் பலர். தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிற ஒருவருக்கு இது நஷ்டம். எல்லாச் சமயத்தவரும் கூடிப் பாட வேண்டும் என்று விரும்பி எழுதிய ஒருவருக்கோ, இதைவிடப் பெரிய இலாபம் ஏது?

பாட்டெழுத விரும்பும் உங்களுக்கு

இளைஞர்களே, பங்கிலே பாடுவதற்கு ஒரு பாட்டெழுத நீங்கள் உட்காரும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்; மகாவித்துவானைப்போன்ற ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வெட்கப்படாதீர்கள். பிறகு எழுதியதை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். குரல் நல்லதில்லாத ஒரு வயோதிபரையும், எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு சிறு பிள்ளையையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் எங்கே தடுக்குகிறார்களோ, அங்கே திருத்த வேண்டியது அவர்களையல்ல, உங்கள் சொல்லையே. உங்களுக்கு மிகவும் பிடித்த ஓர் அடி பாட்டுக்குப் பொருந்தவில்லையென்றால் அதை வெட்டிவிடத் துணியுங்கள். அருவி வெட்டுப் பாட்டை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டறியுங்கள். குறிலும் நெடிலும் அங்கே எப்படி அமைந்திருக்கின்றன என்று எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் நன்றாய்க் காட்டுவார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பாட்டை எழுதிக்கொண்டு வந்தால், இதனால் என்ன வருமானம் என்று கேட்டுவிடாதீர்கள். வருமானம் பெரிதாக வராது. ஆனால் ஒன்று கேளுங்கள்: நீ இதில் எழுதியிருக்கிற அன்புக்கு, எங்கள் வாசலில் வந்து நிற்கிறவர்கள் சாட்சி சொல்வார்களா என்று. வேதநாயகம் பிள்ளையின் பாட்டுக்கு, தாது வருஷத்திலே அவர் வார்த்த கஞ்சியைக் குடித்தவர்கள் சாட்சி. அவர்களுடைய பெயர்களும் நமக்குத் தெரியாது. பாட்டைப் பாடியவர்கள், கஞ்சியைக் குடித்தவர்கள் யாவரையும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். கணக்கு அவரிடம் பத்திரமாக இருக்கிறது.